கல்சட்டித் தண்ணீர்

கல்முனையில் கொரியாக் கடை திறந்து நான்கு மாதமாகியும் றமீஸ் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மாமி கேட்டபோது மோட்டர் வேலை குவிந்து கிடக்கிறது என்றான். மனைவி ஜெஸீமா கேட்டபோது வயிறு சரியில்லை என்றான். மாமனார் ஆதம்பாவா கேட்டபோது, "அது அங்க திண்டு திண்டு அலுத்துப் போன சாப்பாடு மாமா" என்று சிரித்தான். மூன்று பதிலிலும் மோசமானது அந்த மூன்றாவதுதான். ஏனென்றால் றமீஸ் கொரியாவுக்குப் போனதே இல்லை.

அவன் திருமணம் முடித்து ஏழு வருடமாக வாழ்கிற சாய்ந்தமருது வீட்டில் இது ஒருவருக்கும் தெரியாது.

கொரியாவுக்கு வேலைக்குப் போகும் வழியை அறிந்தவர்களுக்கு இந்தப் பொய் எங்கே முளைத்திருக்கும் என்பது விளங்கும். முதலில் கொரிய மொழிப் பரீட்சை. அதில் சித்தியடைந்தால் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலைப் பார்த்து அங்குள்ள முதலாளிமார் தங்களுக்கு வேண்டிய ஆட்களைத் தெரிவு செய்வார்கள். பெயர் பட்டியலில் இரண்டு வருடம் இருக்கும். அதற்குள் எவரும் தெரிவு செய்யாவிட்டால் தானாக உதிர்ந்துவிடும். பிறகு மீண்டும் பரீட்சைதான். ஆகவே பரீட்சையில் சித்தியடைவது ஒன்று, விமானம் ஏறுவது வேறொன்று. ஊருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒலுவிலில் றமீஸின் உம்மா, மகன் நல்ல புள்ளி எடுத்துச் சித்தியடைந்த அன்றே தெருவுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டார். அவன் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் எரிந்த மோட்டர்களுக்குக் கம்பி சுற்றப் பழகிக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருந்தான். கேட்டவர்களுக்கு உம்மா, "கொரியாவுல இரிக்கான்" என்றார். இரண்டு வருடம் கழித்துப் பெயர் உதிர்ந்து, அவன் ஊருக்கு வந்தபோது எல்லோரும் அவனைக் கொரியாவிலிருந்து வந்தவனாகவே வரவேற்றார்கள். அவன் மறுக்கவில்லை. அன்று மறுத்திருந்தால் ஒரு வாரச் சிரிப்போடு முடிந்திருக்கும்.

அடுத்த மாதமே கலியாணம் பேச வந்தார்கள். பெண் வீட்டார் வீடு கொடுக்க, மாப்பிள்ளை அங்கே போய் வாழ்வதுதான் இந்தக் கரையின் வழக்கம். கொரியா மாப்பிள்ளை என்பதால் ஆதம்பாவா இரண்டு போக நெல் விற்ற காசில் வீட்டுக்கு மேல்மாடியும் கட்டினார். அந்த மேல்மாடி அலுமாரியின் அடித்தட்டில், ஒரு முத்திரைகூடக் குத்தப்படாத கடவுச்சீட்டை றமீஸ் பூட்டி வைத்திருந்தான்.

பொய் என்பது ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடக்கூடிய பொருள் அல்ல. தண்ணீர் மோட்டர் மாதிரி அதற்குப் பராமரிப்பு வேண்டும். பனி எப்படி விழும் என்று ஜெஸீமா கேட்டாள், சொன்னான். முதலாளி எப்படி என்று மாமா கேட்டார், சொன்னான். கடைசியாக, ஜெஸீமாவின் தம்பி ஸப்ரிக்குக் கொரியாவில் பிளாஸ்டிக் தொழிற்சாலையொன்றில் வேலை கிடைத்தபோது, மாமி அடம் பிடித்தார்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழ ஏலாத நாட்டுக்கு என்ட புள்ளைய அனுப்ப மாட்டன்."

வீடே மாமியைச் சமாதானப்படுத்த முடியாமல் திணறியது. எல்லோரும் றமீஸின் முகத்தைப் பார்த்தார்கள்.

"ரெண்டு வருஷமும் நான் ஒரு ஜும்ஆ விடல்ல மாமி," என்றான் அவன். "முதல் நாளே முதலாளிக்கிட்ட மரியாதையாக் கேட்கணும். விடுவாங்க."

மாமி அந்த ஒரு சொல்லை நம்பித்தான் தலையசைத்தார். ஸப்ரிக்குச் செவ்வாய்க்கிழமை விமானம். அதற்கு முந்திய சனிக்கிழமை, மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, குடும்பமாகக் கொரியாக் கடைக்குப் போவது என்று மாமா முடிவு செய்துவிட்டார். சாக்குச் சொல்ல றமீஸிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

கடை கடற்கரை வீதியில் இருந்தது. சுவரில் ஹலால் சான்றிதழ், அதன் பக்கத்தில் கடையின் கதையை எழுதிய ஒரு பெரிய பலகை. முதலாளி றம்ஸீன் மருதமுனைக்காரர். கொரியாவின் கிழக்குக் கரையில் ஒரு டோபு பட்டறையில் ஒன்பது வருடம் வேலை செய்தவர். சோயாவை இரவு முழுக்க ஊறவைத்து, அரைத்து, காய்ச்சி, வடித்தால் பால் வரும். அந்தப் பாலைத் திரைய வைக்க அங்கே கடல் தண்ணீர் ஊற்றுவார்களாம். கடல் நீரில் உப்போடு சேர்ந்திருக்கும் கசப்புச் சத்துத்தான் பாலைப் பிடித்துத் திரட்டுகிறது. திரண்டதைத் துணியில் கட்டி அழுத்தினால் கட்டி டோபு. அழுத்தாமல் அப்படியே கரண்டியால் அள்ளினால், தயிரைவிட மெல்லியதாக, வாயில் வைத்ததும் வழுக்கி ஓடுகிற சுண்டுபு. றம்ஸீன் வாரத்துக்கு இரண்டு முறை வள்ளத்தில் போய், அலை உடைகிற இடத்தையும் தாண்டி, ஆழத்துத் தண்ணீர் எடுத்து வந்து, வடிகட்டிக் காய்ச்சுகிறார். இதற்காகவே அக்கரைப்பற்றிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

றமீஸ் அந்தப் பலகையை முழுவதும் வாசித்தான். கேள்வி வந்தால் பதில் வேண்டும்.

"என்ன மருமகன், ஊர் ஞாபகம் வந்துட்டா?" என்றார் மாமா.

"கொஞ்சம் மாமா."

காரைதீவிலிருந்து வேலைக்கு வந்திருந்த சுஜித்தா என்ற பெண் சாப்பாட்டுப் பட்டியலோடு வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமை ஆகவில்லை என்பது அவள் பென்சிலைப் பிடித்த இறுக்கத்தில் தெரிந்தது. றமீஸ் பட்டியலில் கொரிய எழுத்தில் இருந்ததைச் சத்தமாக வாசித்தான். அவனுடைய கொரிய மொழி பொய்யில்லை. பரீட்சைக்காக இரண்டு வருடம் நெட்டுருப் போட்டது, பிறகு நாடகம் பார்த்துத் தீட்டியது. அந்த மேசையில் அவனிடம் இருந்த ஒரே உண்மையான சரக்கு அதுதான்.

"அல்லாஹ், எப்படி வாசிக்கார் பாருங்க," என்றார் மாமி, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி.

ஐந்து பேருக்கும் இறால் போட்ட சுண்டுபு. சின்னக் கறுப்பு மண்சட்டிகளில், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கொதி அடங்காமல் செக்கச்செவேலென்று வந்தது.

"சட்டிக்க ஷைத்தான் கிடந்து துள்ளுறான் போல," என்றார் மாமா, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து.

ஒவ்வொருவருக்கும் ஒரு பச்சை முட்டை. மாமி அதை அவித்த முட்டை என்று நினைத்து மேசையில் தட்டப் போனார். றமீஸ் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். "கொதிக்கிற சட்டிக்க உடைச்சு ஊத்தணும் மாமி. அந்தச் சூட்டுலயே வேகும்." இது வீடியோவில் பார்த்தது. ஐந்து முட்டையையும் அவனே ஒற்றைக் கையால் உடைத்து ஊற்றினான். மஞ்சட்கரு சிவப்புக்குள் அமிழ்ந்து வெள்ளை கட்டியது. சோற்றை அங்கே கரண்டியாலும் கறிகளைக் குச்சியாலும் சாப்பிடுவார்கள் என்றும் சொன்னான். அது பாடப்புத்தகத்தில் இருந்தது. ஸப்ரி ஒவ்வொன்றையும் மனதில் எழுதிக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சானைப் பார்க்கும்போது அவன் முகத்தில் எப்போதும் வருகிற பெருமை அன்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது. நான்கு மாதம் வீணாகப் பயந்துவிட்டேனோ என்று றமீஸுக்குத் தோன்றியது.

சோறு கல்சட்டியில் வந்தது. ஆளுக்கொரு சட்டி, மரத்தட்டின் மேல். சுஜித்தா ஒவ்வொரு சட்டியிலிருந்தும் சோற்றை அகப்பையால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். அடியில் ஒட்டிய ஒரு படை சோறு மட்டும் சட்டியில் மிஞ்சியது. காலியான சட்டிகளை அவள் எடுத்துப் போகவில்லை. ஒவ்வொருவரின் வலப்பக்கத்திலும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு தண்ணீர்க் கேத்தல் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கரையின் முஸ்லிம் விருந்துகளில் ஐந்தாறு பேர் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிடுவதற்கு முன் விருந்தாளி கை கழுவ எழும்ப மாட்டார். வீட்டுக்காரர் ஒருவர் ஒரு கையில் கேத்தலும் மறு கையில் பேசினுமாக வருவார். வலக்கையைப் பேசினுக்கு மேலே நீட்டினால் போதும், தண்ணீர் விழும். பிறந்ததிலிருந்து நூறு விருந்து கண்டவனின் கை, கேத்தலைக் கண்டதும் யோசிக்காது. உட்கார்ந்திருக்கிறோம், சாப்பிடப் போகிறோம், பக்கத்தில் வெற்றுப் பாத்திரம் இருக்கிறது, கேத்தலோடு ஓர் ஆள் நிற்கிறார். றமீஸின் கை தானாகக் கல்சட்டிக்கு மேலே போனது.

சுஜித்தா நின்றாள். "சேர், இது வந்து..."

"தெரியும் தங்கச்சி," என்றான் றமீஸ். "ஊத்துங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். கொரிய எழுத்தைச் சரளமாக வாசித்த மனிதர், தனக்குத் தெரியாத ஏதோ அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். ஊற்றினாள். இளஞ்சூடான தண்ணீர் அவன் விரல்களைக் கழுவிக்கொண்டு கல்லில் விழுந்தது. சட்டி 'ஸ்ஸ்' என்று இரைந்து ஆவியைக் கக்கியது. விரல் நுனி சுட்டது. றமீஸ் கையை எடுக்கவில்லை. எடுத்தால் தெரியாதவன் ஆகிவிடுவான்.

"என்ன மருமகன், சட்டி சீறுது?"

"அங்க குளிர்தானே மாமா. கை கழுவுற தண்ணியும் சூடாத்தான் இரிக்கும்."

"பாத்தியா ஸப்ரி," என்றார் மாமா. "நல்லா மனசுல வெச்சுக்க." வலக்கையை நீட்டினார். மாமி நீட்டினார். ஜெஸீமா வளையல்களை மேலே தள்ளிவிட்டு நீட்டினாள். ஸப்ரியும் நீட்டினான். சுஜித்தா ஐந்து பேருக்கும் ஊற்றினாள். பிறகு ஒவ்வொரு சட்டியையும் மரமூடியால் மூடிவிட்டுப் போனாள்.

"கழுவின தண்ணிய என்னத்துக்கு மூடி வெக்க?" என்று கேட்டார் மாமி.

"அழுக்கு கண்ணுல படக்கூடாதாம் மாமி. அவங்க அப்படிச் சுத்தம்."

சொல்லி முடித்ததும், பதில் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று றமீஸுக்கே வியப்பாக இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார்கள். சுண்டுபு நல்ல உறைப்பு. இறால் உறைப்புக்குப் பின்னால் அந்த மெல்லிய வெண்மை வந்து நாக்கை ஆற்றியது. "பல்லுக்கு வேலையே இல்லகா," என்றார் மாமி, சந்தோஷமாக.

பாதிச் சாப்பாட்டில் றமீஸ் தற்செயலாகப் பக்கத்து மேசையைப் பார்த்தான். ஒரு நடுவயதுத் தம்பதி சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கணவர் தம் கல்சட்டியின் மரமூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது. கரண்டியை உள்ளே விட்டு, ஊறிய சோற்றோடு தண்ணீரை அள்ளி, ஊதி, குடித்தார். பிறகு மனைவியிடம், "இதுக்காகவே வரலாம்" என்றார்.

றமீஸின் வாயில் இருந்த டோபு விழுங்கப்படாமல் நின்றது.

அவனுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது, பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்று கண்டுபிடிப்பதில் தேர்ந்தவன் அவன். கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அடிச்சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடினால், கல்லின் சூடே சோற்றை இளக்கி, கருகல் வாசத்தைத் தண்ணீரில் இறக்கும். சாப்பாட்டின் முடிவில் அதைக் குடிப்பார்கள். மூடி அதற்குத்தான். 'சேர், இது வந்து' என்று அந்தப் பெண் சொல்ல வந்ததும் அதைத்தான்.

அவன் மேசையில் ஐந்து சட்டிகள், ஐந்து கைகளின் அழுக்கோடு, பதமாக ஊறிக்கொண்டிருந்தன.

மாமியின் பார்வை அந்தப் பக்கம் போகாமல் நாற்காலியை நகர்த்தி மறைத்து உட்கார்ந்தான். சுஜித்தா கடந்து போனபோது மெதுவாக, "தங்கச்சி, இந்தச் சட்டிகள எடுத்திடுங்களன்" என்றான்.

"இன்னும் திறக்கவே இல்லயே சேர். முதலாளி ஒவ்வொரு மேசைக்கும் வாறவர். அவர் வந்து பாக்கட்டும்."

அதற்குப் பிறகு சாப்பாடு அவனுக்கு ருசிக்கவில்லை. சட்டிக்குள் இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டு, கரண்டியை மட்டும் ஏற்றி இறக்கினான்.

றம்ஸீன் வெள்ளை மேலாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஸலாம் சொல்லி, எப்படி இருந்தது என்று கேட்டார். மாமிக்கு அது போதாதா.

"எங்கட மருமகனும் கொரியாவுல இருந்தவர்தான் தம்பி."

றம்ஸீனின் முகம் மலர்ந்தது. ஊர்க்காரனைக் கண்ட மாதிரி. "அப்படியா? எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே, பழக்கத்தில், மாமாவின் கல்சட்டி மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் தேநீர் நிறத்தில் தெளிந்து நின்றது. "இதக் குடிக்கல்லயா இன்னும்? ஆறிரும், குடிங்க."

மாமா அவரைப் பார்த்தார். "கை கழுவின தண்ணியையா தம்பி?"

றம்ஸீன் சட்டிகளைப் பார்த்தார், ஐந்தும் அப்படியே இருந்தன. பிறகு சுஜித்தாவைப் பார்த்தார்.

"நான் எத்தன தரம் சொன்ன பிள்ள? வாறாக்களுக்கு விளங்கப்படுத்தணும் எண்டு சொன்னதானே? அதுக்குத்தானே உங்கள வெச்சிரிக்கன்?"

சுஜித்தாவின் முகம் சிவந்தது. அவள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, றமீஸைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "ஸொறி சேர்," என்றாள் முதலாளியிடம்.

அவள் ஏன் சொல்லவில்லை என்பது றமீஸுக்கு விளங்கவில்லை. அந்த மௌனம்தான் அவனைத் தாக்கியது. வாயைத் திறந்தான். தமிழில் திறந்தால் மேல்மாடியே இடிந்து தலையில் விழும். ஆகவே கொரிய மொழியில் பேசினான்.

அந்தப் பெண்ணின் மேல் பிழையில்லை, என்றான். அவள் சொல்ல வந்தாள், நான் கேட்கவில்லை. நான் கொரியாவுக்கு ஒருபோதும் போனதில்லை. மனைவி வீட்டாருக்குத் தெரியாது. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு வருடம் படித்த மொழியை ஒரு கொரியா திரும்பியவரோடு அவன் உண்மையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு பிழைகூட வரவில்லை. முதலாளியோடு பேசும்போது பயன்படுத்தும் உயர்ந்த மரியாதைச் சொற்கள் எல்லாம் தம்பாட்டில் வந்து இடத்தில் விழுந்தன.

"என்ன அழகாக் கதைக்கார்," என்று மாமி பூரித்தார்.

றம்ஸீன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொரிய மொழியில் ஒரே சொல்லில், சரி, என்றார். மாமாவின் பக்கம் திரும்பி, "சேர் சொல்ற சரிதான். சில ஊருகள்ல அப்படியும் செய்வாங்க. நான் இருந்த பக்கம் குடிக்கிறது" என்றார். சுஜித்தாவிடம், "பரவால்ல பிள்ள, போங்க" என்று அனுப்பிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

"நான் நெனச்ச," என்றார் மாமா. "மருமகன் பிழையாச் சொல்வாரா?"

றமீஸ் மூச்சு விட்டான். விட்ட மூச்சோடு ஸப்ரியைப் பார்த்தான். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஸப்ரியும் பரீட்சையில் சித்தியடைந்தவன். றமீஸின் பழைய புத்தகங்களிலேயே படித்து, றமீஸே பாடம் கேட்டு.

ஸப்ரியின் கரண்டி சட்டிக்கும் வாய்க்கும் இடையில் நின்றது. அவன் அதை மெதுவாகச் சட்டியில் வைத்தான். முகத்தில் கோபம் இல்லை. ஒரு பொருளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் உள்ளே வேறெதுவோ இருந்தவனின் முகம்.

"வாங்க மச்சான்," என்றான். "கை கழுவிட்டு வருவம்."

பின்பக்கம், சமையலறை வாசலுக்கு அருகே ஒழுங்கான குழாயும் தொட்டியும் சவர்க்காரமும் இருந்தன. முன்பே பார்த்திருக்கலாம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கழுவினார்கள். ஸப்ரி குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடட்டும், பேசுவது கேட்காது.

"ஒருக்காலும் போகல்லயா மச்சான்?"

"இல்ல."

"ஏர்போட்டுக்குக்கூட?"

"உம்றாவுக்குப் போன மாமாவ ஏத்தப் போனதானே. அதுதான்."

ஸப்ரிக்குச் சிரிப்பு வந்தது போல ஒரு நொடி இருந்தது. வரவில்லை. "அந்தச் சட்டி, முட்டை, அதெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்ல. நானும் வீடியோ பாத்திரிக்கன்." குரலைத் தாழ்த்தினான். "ஜும்ஆ? முதல் நாளே கேட்டா விடுவாங்க எண்டு சொன்னீங்களே. நீங்க கேட்டு எடுத்த எண்டு."

றமீஸ் சவர்க்காரத்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

"எனக்குத் தெரியா ஸப்ரி. விடுவாங்களோ இல்லையோ, எனக்குத் தெரியா."

"உம்மா அத நம்பித்தான் என்ன விடுறா. முதல் நாளே நான் போய்க் கேட்டு, அவங்க ஏலா எண்டா? வந்த அண்டைக்கே கரைச்சல் குடுக்கிறவன் எண்டு பேர் எடுத்தா?" அவன் குழாயை மூடினான். "செவ்வாய்க்கிழமை நான் போறன் மச்சான். இன்னும் மூணு நாள். நான் ஆரிட்டயும் சொல்ல மாட்டன். நீங்க பயப்படாதீங்க. ஆனா அத மட்டும் உம்மாட்டச் சொல்லுங்க."

அதை மட்டும் சொல்வது எப்படி? றமீஸ் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். ஜும்ஆவை மட்டும் உருவி எடுக்கலாமா என்று பார்த்தான். இரண்டு வருடமும் கேட்டு எடுத்தேன் என்பது பொய் என்றால், எங்கே கேட்டாய், யாரிடம் கேட்டாய் என்று வரும். சுற்றிய கம்பியில் ஓர் இழை எரிந்தால் மோட்டரில் அந்த இழையை மட்டும் மாற்ற முடியாது. முழுவதையும் அவிழ்த்துத்தான் திரும்பச் சுற்ற வேண்டும். இதை அவன் நூறு பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறான்.

அதைவிட அவனை வெட்கப்படுத்தியது இன்னொன்று. இருபத்து நான்கு வயதுப் பையன் அவனைக் காப்பாற்றுகிறேன் என்கிறான். முன்பின் தெரியாத கடைக்காரர் அவனுக்காகப் பொய் சொல்லிவிட்டார். காரைதீவுப் பெண் அவனுக்காகத் திட்டு வாங்கிவிட்டாள். ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று நல்ல மனிதர்களைத் தன் பொய்க்குத் தூண் நடக் கூப்பிட்டுவிட்டான்.

திரும்பிப் போய் உட்கார்ந்தான். மாமா பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். ஜெஸீமா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"மாமி," என்றான் றமீஸ். "வெள்ளிக்கிழமை விடுவாங்களா எண்டு எனக்குத் தெரியா. நான் கேட்டதில்ல. நான் அங்க போனதில்ல."

"எங்க போனதில்ல மனே?"

"கொரியாவுக்கு. சோதினை மட்டும்தான் பாஸ் பண்ணின. என்ன ஒருத்தரும் எடுக்கல்ல. கொழும்புலதான் இருந்த."

மாமி சிரித்தார், பகிடி என்று நினைத்து. ஸப்ரி சிரிக்காததைக் கண்டதும் அவர் சிரிப்பு நின்றது. மாமா பல்குத்தியை மேசையில் வைத்தார். கோபப்படுவார் என்று றமீஸ் காத்திருந்தான். அவர் சட்டியின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது குடிக்கிற தண்ணிதான்," என்றார் கடைசியில்.

"ஓம் மாமா."

"நம்மட வீட்டுல அடிச்சோத்துக்குத் தண்ணி ஊத்திக் குடிப்பமே, அது," என்றார் மாமி, யாரையும் பார்க்காமல். "எனக்கு அப்பவே அந்த வாசம் வந்த. மருமகன் வேற சொல்றாரே எண்டு நான் வாய் திறக்கல்ல."

ஜெஸீமா கைப்பையை மூடினாள். "பனி?" என்று கேட்டாள்.

"என்ன?"

"பனி விழுறது. சத்தமே இல்லாம விழும், காலையில கதவத் திறந்தா ஊரே மாறியிரிக்கும் எண்டு சொன்னீங்க. கலியாணம் முடிச்ச மாசம்."

"நாடகத்துல பாத்த."

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் அவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்.

றம்ஸீன் கடந்து போகையில் மாமி அவரைக் கூப்பிட்டார். இதுவரை கேள்விகள் எல்லாம் றமீஸிடம் வந்தன. இந்தக் கேள்வி அவன் தலைக்கு மேலால் போனது.

"தம்பி, வெள்ளிக்கிழமை தொழ விடுவாங்களா அங்க?"

றம்ஸீன் ஒருமுறை றமீஸைப் பார்த்தார். அவன் தலை குனிந்திருந்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உண்மையச் சொல்றன் உம்மா. முதலாளியப் பொறுத்த. சிலர் விடுவாங்க. என்ட ஆள் முதல் மூணு வருஷம் விடல்ல. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல லுஹர் தொழுதுருவன், ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் பள்ளிக்குப் போவன். முதல் நாளே கேட்கப்படாது. ஆறு மாசம் வேலையக் காட்டிப் போட்டுக் கேட்கணும். மகன்ட நம்பரத் தாங்க, அங்க இரிக்கிற நம்மட ஆக்களோட கதைச்சுப் பாக்கன்."

ஸப்ரி தொலைபேசியை எடுத்தான். "மூணு வருஷம்," என்றார் மாமி. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தீர்மானிக்க அவருக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது, இந்த முறை கையில் உண்மையோடு.

"இன்னொண்டு," என்றான் றமீஸ், றம்ஸீனிடம், தமிழில், எல்லோருக்கும் கேட்க. "அந்தத் தங்கச்சி சொல்ல வந்தவ. நான்தான் தெரியும் எண்ட. அவங்க மேல பிழையில்ல."

"அத நீங்க அப்பவே சொன்னீங்க சேர்," என்றார் றம்ஸீன். "எனக்கு விளங்குற பாஷையில. அவளுக்கு விளங்குற பாஷையில சொன்னாத்தான் அவளுக்குச் சேரும்."

அவர் எழுந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் சுஜித்தா வந்தாள். ஐந்து சட்டிகளையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு பெரிய கல்சட்டியை மேசையின் நடுவில் வைத்தாள். அடியில் பொன்னிறமாக ஒட்டிய சோறு. மறு கையில் கேத்தல்.

"தங்கச்சி," என்றான் றமீஸ். "நீங்க சொல்ல வந்த நேரம் நான் கேட்டிருக்கணும். மன்னிச்சுக்கங்க."

"பரவால்ல சேர்," என்றாள் அவள். கேத்தலைச் சாய்க்கப் போனவள் ஒரு கணம் நிறுத்தினாள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள், பழகாத வேலைக்காரியின் கவனம்தான். யாருடைய கையாவது வருகிறதா என்று பார்த்தாள்.

றமீஸ் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தான். சுட்ட விரல் நுனி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

தண்ணீர் விழுந்தது. கல் இரைந்தது. ஜெஸீமா மரமூடியை எடுத்துத் தானே மூடினாள்.

"எத்தன நிமிஷம் வெக்கணும்?" என்று சுஜித்தாவிடம் கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம் அக்கா."

ஐந்து பேரும் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.